கடையில் இல்லை என்று சொன்னது

பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் தச்சர் பென்சிலால் வரைந்த இரண்டு பாதங்கள். சங்ககிரியில் நான் வேலை பார்த்த லாரி யார்டின் சிமெண்டுத் தரையில் அந்தத் தாளை விரித்து, கனத்த ரப்பர் பூட்ஸ் மாட்டிய கால்களோடு நேவிக்காரர் அதன் மேல் ஏறி நின்றார். நான் குனிந்து காலைச் சுற்றிக் கோடு இழுத்தேன். வெறுங்காலை வரைந்தால் போதாதா என்று கேட்டதற்கு, "பூட்ஸோடயே வரைங்க தம்பி. தண்ணிக்குள்ள இதோடதானுங்க போறேன்" என்றார். வரைந்து முடித்ததும் காலைத் தூக்கி, கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். அன்று சாயங்காலம் நான் மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். அவருக்குத் துடுப்புச் செருப்பு வாங்கி வர வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் முதலாளி கிரேன் வண்டி வைத்துக்கொண்டு, சாலையில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி நிறுத்தும் தொழில் செய்துவந்தார். சேலத்துக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் லாரிகள் கவிழாத வாரம் கிடையாது. சில வண்டிகள் பாலத்தை இடித்துக்கொண்டு ஆற்றுக்குள்ளும் போகும். தண்ணீருக்குள் இறங்கிச் சங்கிலி மாட்ட ஆள் வேண்டியிருந்தபோதுதான், நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒருவர் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்துவிட்டு ஊர் திரும்பி மரவள்ளி போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, முதலாளியே நேரில் போய் அழைத்து வந்தார். வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் நேவிக்காரர். நாற்பதை நெருங்கிய வயது. அதிகம் பேச மாட்டார். கரையில் கூடும் ஜனம் அவர் முதுகிலிருக்கும் இரட்டைச் சிலிண்டரைக் காட்டி ஆக்சிஜன் என்று சொல்லும்போதெல்லாம், "வெறும் காத்துதானுங்க" என்று சலிக்காமல் திருத்துவார்.

நான் அந்த யார்டில் ஸ்டோர் கீப்பர். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவன், இருபத்துநான்கு வயது. ஆங்கிலத்தில் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது நான்தான் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நேவிக்காரர் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர். அவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதன் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருநாள் சிலிண்டரில் காற்று நிரப்பிவிட்டு, முள் காட்டிய அளவைப் பார்த்து, முழுக்க நிரம்பிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற நேவிக்காரர் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்குதுங்க. ஆறுனா முள்ளு எறங்கிரும்" என்றார். ஒரு மணி நேரத்தில் முள் இறங்கித்தான் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, படிச்சது எல்லாம் எங்கே போச்சு என்று சிரித்தார். நேவிக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூட நான் சண்டை போட்டு மறந்திருப்பேன். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

படையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரு ஜோடி துடுப்புச் செருப்பு இருந்தது. ஃபின் என்பார். கறுப்பு ரப்பர்; குட்டையாக, அகலமாக, பலகை போலக் கெட்டியாக, நடுவில் தண்ணீர் போவதற்கு ஓட்டைகளோடு இருக்கும். குதிகால் பக்கம் திறந்திருக்கும். பூட்ஸின் மேல் மாட்டி, பின்னால் ஒரு பட்டையை இழுத்துக்கொள்ள வேண்டும். கையில் எடுத்தால் நல்ல கனம். நான் அதை எருமைக் குளம்பு என்று சொல்லிச் சிரிப்பேன். அதில் வலது கால் ஃபின் ஒருநாள் அடியோடு பிளந்துவிட்டது. தைத்தும் ஒட்டியும் பார்த்து அவரே கைவிட்டார். புதிது வாங்கி வர என்னை அனுப்புவது என்று முதலாளி முடிவு செய்தார். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான்தானே.

கிளம்பும் முன் நேவிக்காரர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். முதுகில் இரண்டு இரும்புச் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட், கையில் சங்கிலிக் கொக்கி, அதற்கு மேல் ஆற்றின் இழுப்பு. இத்தனையையும் நகர்த்துவது கணுக்காலுக்குக் கீழே இருக்கிற அந்த ரப்பர்த் துண்டு ஒன்றுதான் என்றார். "தண்ணிக்குள்ள எறங்கிட்டா பாரம் தெரியாதுங்க தம்பி. நகத்தறப்பத்தான் தெரியும். நீளமா, நொசநொசன்னு இருக்கறது வேடிக்கைக்கு நீந்தறவனுக்கு. நமக்குக் கட்டியா இருக்கோணும், பூட்ஸு மேல மாட்டற மாதிரி இருக்கோணும். அழகப் பாக்காதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். என் பெட்டியில் அப்போது வெளிநாட்டு விலைப்பட்டியல் ஒன்று இருந்தது. அதில் நீலக் கடலுக்குள் நீள நீளமான செருப்புகளோடு மீனைப் போல ஒருவன் போய்க்கொண்டிருக்கும் படத்தை அதற்குள் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

மெட்ராஸ் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கப்பல் சாமான்கள் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தேன். வடக்கயிறும் பித்தளை விளக்கும் தார் வாசனையுமாக இருந்த அந்தக் கடையில், மூக்குக் கண்ணாடி போட்ட வயதான ஒருவர் இரண்டு ஜோடிகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று நேவிக்காரர் வைத்திருந்ததற்கு அண்ணன் தம்பி போலக் கறுப்பு. இன்னொன்று வெளிர்நீலம். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். விரலால் அழுத்தினால் வில்லைப் போல வளைந்து நிமிரும். குதிகால் மூடியது. வெறுங்காலில்தான் போட முடியும். நான் செய்தித்தாளை விரித்தேன். கறுப்பு ஜோடி அந்தக் கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. என்ன வேலைக்கு என்று அவர் கேட்டார். சொன்னேன். "அப்போ கறுப்புதான் தம்பி" என்று நீலத்தை எடுத்து உள்ளே வைக்கப் போனார்.

நான் அவர் கையைத் தடுத்தேன். நீலம்தான் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாரமான வேலைக்கு இது ஆகாது, திரும்பவும் யோசித்துக்கொள் என்றார். தண்ணீரில் இறங்கும் எங்கள் ஆளே இதைத்தான் கேட்டார் என்று சொன்னேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கிடைக்கும் பதில் சின்னதாக இருக்கிறது. யார்டில் அந்த நீலத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும். எட்டாவது படித்தவர் சொன்னதைக் கேட்டு வாங்கி வந்த எடுபிடி என்று இல்லாமல், புதுசாக ஒன்றைக் கொண்டுவந்தவன் என்று என்னைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு மனிதனின் காலுக்கு எதிரே நான் வைத்த எடைக்கல் அதுதான்.

திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தபோது நான் எதிர்பார்த்தபடியே யார்டு முழுக்கக் கூடிவிட்டது. முதலாளி கையில் வாங்கி வளைத்துப் பார்த்து மகிழ்ந்தார். நேவிக்காரர் மட்டும் அதன் குதிகாலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு தனியாக என்னிடம் வந்து, கறுப்பு கிடைக்கவில்லையா என்று கேட்டார். "கடையில இல்லீங்கண்ணா. இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றேன். தடுமாறாமல் சொன்னேன். பூட்ஸ் எல்லாம் இப்போது யாரும் போடுவதில்லை என்று கூடுதலாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். "அப்படீங்களா. இருக்கறத வெச்சுப் பாப்பமுங்க" என்று எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றில் அதை மாட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் சிலிண்டர் இல்லாமல், வெறும் உடம்போடு. இரண்டு உதையில் கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்விட்டார். படிக்கட்டில் நின்ற நான் கைதட்டினேன். அடுத்து சிலிண்டரையும் ஈய பெல்ட்டையும் மாட்டி, கொக்கியையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெகு நேரம் கழித்து ஏறி வந்து படியில் உட்கார்ந்து இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துவிட்டுக்கொண்டார். "ஆள மட்டும் கொண்டு போவுதுங்க. பாரத்தோட தள்ளுனா மடங்கிக்குது. உதைக்கிறது பூராத் தண்ணியிலயே போயிருது" என்றார். செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, "அந்தக் கடையில வேற ஒண்ணுமே இல்லீங்களா தம்பி?" என்று மறுபடியும் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவே முடியாது. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை அவர். எனக்கு ஏதாவது ஞாபகம் வருமா என்று கேட்டார். அங்கே இருந்தது, நான்தான் தப்பாக வாங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால், அடுத்த ரயிலில் போய் மாற்றி வந்திருக்கலாம். முதலாளி நாலு வார்த்தை திட்டியிருப்பார். நானோ கோபித்துக்கொண்டேன். இருந்தால் வாங்கி வந்திருக்க மாட்டேனா, புதுசாக எது வந்தாலும் பழக்கப்படுத்திக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவருக்கே புத்தி சொன்னேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விசாகப்பட்டினத்தில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவருக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். தெரியாமல் தப்பான பொருளை வாங்கினேன் என்றால் அது அறியாமை. எனக்கு இரண்டு பேர் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை கேட்டும் இல்லை என்று சொன்னதற்கு என்ன பெயர் வைப்பது?

விசாகப்பட்டினத்துக் கடிதத்துக்குப் பதில் வரும் முன்பே காவிரியில் ஒரு லாரி விழுந்தது. ஜவ்வரிசி மூட்டை ஏற்றி வந்த வண்டி. டிரைவரும் கிளீனரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். மழைக்காலத் தண்ணீர், கலங்கலாக, இழுப்போடு போய்க்கொண்டிருந்தது. தகர டிரம்களைக் கட்டிச் செய்த தெப்பத்தை லாரிக்கு நேர் மேலே நிறுத்தி, அதிலிருந்து நேவிக்காரர் இறங்கினார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் இன்னொரு நுனி என் கையில் இருந்தது. ஒரு இழுப்பு என்றால் நலமாக இருக்கிறேன், இரண்டு என்றால் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீளமாக விடு, நான்கு என்றால் மேலே தூக்கு. நல்ல உச்சிவெயில். பாலத்தின் மேல் திருவிழாக் கூட்டம் போல ஜனம். இறங்குவதற்கு முன் அவர் அந்த நீலச் செருப்பைத் தண்ணீரில் நனைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "கயித்த உட்றாதீங்க தம்பி" என்றார்.

பின் அச்சில் சங்கிலி மாட்டியதும் ஒரு இழுப்பு வந்தது. முன் அச்சுக்குப் போக அவர் நீரோட்டத்தை எதிர்த்து வண்டியைச் சுற்றி வர வேண்டும். கயிறு கொஞ்சம் போயிற்று, நின்றது, மறுபடி கொஞ்சம் போயிற்று. அப்புறம் எதிர்ப்பக்கமாகச் சரசரவென்று ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நான் எண்ண எண்ண இழுப்புகள் வந்தன. நான் கத்தினேன். தெப்பத்திலிருந்த இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து இழுத்தார்கள். மேலே வந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. தண்ணீரில் மட்டும் அவருக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வால் நீண்டிருந்தது. நீரோட்டத்தை எதிர்த்து உதைக்க உதைக்கச் செருப்பு மடங்கிக்கொண்டு, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, ஆறு அவரைக் கொண்டுபோய் லாரியின் கிழிந்த பக்கத் தகட்டில் அடித்திருக்கிறது. அந்த மெல்லிய நீல ரப்பரோடு சேர்த்துக் குதிகால் நரம்பைத் தகடு அறுத்துவிட்டது. பூட்ஸ் போட்டிருந்தால் பூட்ஸ்தான் கிழிந்திருக்கும்.

என் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தன. கரைக்கு வந்ததும் முதலாளி என் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். இவன் இல்லையென்றால் இன்றைக்கு ஆளே இல்லை என்றார். கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் என் தோளில் துண்டைப் போர்த்தினார். டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். அந்த டீயின் இனிப்பு இப்போதும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவரைப் பார்க்க முதலாளியோடு போனேன். அவருடைய மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான்தான் கயிற்றைப் பிடித்தவன் என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எப்படி ஆனது, உனக்கா இப்படி என்று முதலாளி கட்டிலில் இருந்தவரிடம் கேட்டார். நேவிக்காரர் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு, புதுச் செருப்பு, அண்ணனுக்கு இன்னும் பழகவில்லை என்றேன். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க. பழகுலீங்க" என்றார்.

காயம் ஆறியது. ஆனால் பாதம் முன்னைப் போல மடங்கவில்லை. கீழே ஊன்றும்போது பலகையை வைப்பது போல வைப்பார். தண்ணீரில் இறங்குவது அன்றோடு நின்றது. கணுக்காலைக் காட்டுவதற்காக ஒரு தடவை மெட்ராஸ் பெரிய டாக்டரிடம் போனார். திரும்பும்போது சேலத்தில் இறங்காமல் சங்ககிரி வரைக்கும் வந்து யார்டுக்குள் நுழைந்தார். ஸ்டோரில் நான் மட்டும் இருந்தேன். துணிப்பையிலிருந்து ஒரு ஜோடி ஃபின் எடுத்து என் மேசைமேல் வைத்தார். கறுப்பு, குட்டை, கெட்டி.

"அடுத்து வாற ஆளுக்கு ஆகுமுங்க" என்றார். துணிப்பையை மடித்துக்கொண்டே, "கடைக்காரரு உங்கள நல்லா ஞாபகம் வெச்சிருக்காருங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. குரலில் ஏற்ற இறக்கம் கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குக் காத்திருப்பவர் போல ஒரு நிமிஷம் நின்றார். நான் ஸ்டோர் புத்தகத்தைத் திறந்து அந்த ஜோடியை வரவு எழுதினேன். "அப்ப நான் வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, காலைப் பலகை போல வைத்து வைத்து வாசலைக் கடந்து போனார். முதலாளியிடம் போய்ச் சொல்வார் என்று அன்று பூராவும் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. தூத்துக்குடியிலிருந்து வேறொரு முக்குளிப்பவர் வந்தார், அந்தக் கறுப்பு ஜோடியை மாட்டிக்கொண்டு நாலைந்து வருஷம் வேலை செய்தார். அவருக்கு ஒரு கீறலும் விழவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் யார்டை விட்டு வேறு வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆயிற்று. குழந்தை நடக்கப் பழகிய நாட்களில், அது ஒவ்வொரு அடியாக எடுத்து வைப்பதைப் பார்க்க முடியாமல் எழுந்து போயிருக்கிறேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் வீடு. நேவிக்காரர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, யாரென்று தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் பறிக்கத் தோட்டத்துப் பக்கம் போனார்.

அவர் போன இடைவெளியில் நான் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், கறுப்பு அன்றைக்குக் கடையில் இருந்தது, நான் பொய் சொன்னேன் என்பது மட்டும்தான் வந்தது. தெரியுமே என்பது போல அவர் தலையசைத்தார். அக்காவிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. தோட்டத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவகிட்டச் சொல்லாதீங்க தம்பி. தெனம் அவதானுங்க இந்தக் காலுக்கு எண்ணெ தேச்சு உடறா. தெரிஞ்சா தேய்க்கறப்பெல்லாம் உங்க நெனப்பு வரும். கோவத்தோட தேய்க்கோணுமா அவ?"

அந்த அம்மா முருங்கைக்காயோடு வந்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, சோறு வேகிற நேரத்தில் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார். அவருடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, குதிகாலிலிருந்து மேலே மேலே என்று நீவத் தொடங்கினார். நீவிக்கொண்டே என் குழந்தையைப் பற்றி விசாரித்தார். "அன்னைக்கு நீங்க கயித்த உட்டிருந்தா இந்தக் காலும் இல்லீங்க, ஆளும் இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நேவிக்காரர் கண்ணை மூடியிருந்தார். எனக்கு இலை போட்டபோது அந்த அம்மா இரண்டாம் தடவையும் சோறு வைத்தார். நான் சாப்பிட்டேன்.

நேவிக்காரர் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்த அம்மா போன தை மாதம் காலமானார் என்று தெரியவந்தது. அவர் இருந்தவரை இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நேவிக்காரர் கேட்டுக்கொண்டார் என்பது அதற்குப் பாதிக் காரணம். அப்படி அவர் கேட்டுக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது என்பது மீதிப் பாதி.